ஏழு தரம் அலசிய மெத்தை

என் வீட்டுக்காரரின் கதையைச் சொல்வதென்றால் அவருடைய பின்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பழவேற்காட்டுக் குப்பமே சிரித்து ஓய்ந்த விஷயம்தான் அது. ஊரார் அவரைப் பச்சைமுத்து என்று கூப்பிடுவார்கள். கட்டிக்கொண்டவன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது. ஊரார் சொல்வதைத்தான் சொன்னேன், நான் சொல்லவில்லை. எனக்கு அவர் ‘யோவ்’. நான் திரௌபதி.

இருபது வருஷம் கட்டுமரத்தில் நின்ற மனுஷன். முகத்துவாரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது திருக்கை முள் கணுக்காலில் ஏறிவிட்டது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். தப்பினார், ஆனால் வலது கால் கணுவோடு விறைத்துப்போய் மடங்காமல் நின்றுவிட்டது. அலைமேல் ஆடுகிற மரத்தில் நிற்க இரண்டு காலும் வேண்டும். ஆறு மாதம் வீட்டில் குந்திக்கொண்டு அடுத்தவன் வலைக்கு முடிச்சுப் போட்டார். நான் கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு காட்டூர், பொன்னேரி என்று நடந்து, மாற்றிக்கொண்டு வந்த நெல்லில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அப்போதுதான் கோட்டையில் ஒரு வேலை காலியானது. ஒல்லாந்துக்காரர்களிடம் எழுத்து வேலை பார்க்கும் சந்தியாகு எங்களுக்குத் தெரிந்தவர். நல்ல கொடுவா மீன் விழுந்தால் அவர் வீட்டுக்குத்தான் முதலில் போகும். அந்த நன்றியில் இவரைச் சேர்த்துவிட்டார். வேலை இதுதான்: கோட்டையில் கொடுக்கிற மாதிரித் துணியைப் பெரியபாளையத்தை ஒட்டிய ஆரணி நெசவுத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே நெய்து வைத்திருக்கும் மாதிரியை வாங்கிவர வேண்டும். போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் கோட்டை வாசலில் நிற்க வேண்டும். காலுக்கு வேலை இல்லை, சவாரி மாடு கோட்டையே கொடுக்கும். மாதம் பிறந்தால் நெல் அளந்துவிடுவார்கள். நொண்டிக் காலோடு இருக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த வேலையும் போனால் வேறு வேலை இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மாட்டுக்குச் சிவந்த மூஞ்சி. யாரையும் மதிக்காத நடை. கோட்டையிலிருக்கும் வெள்ளைக்காரத் துரை மாதிரியே இருக்கிறது என்று குப்பத்து ஆட்கள் அதற்குக் ‘கப்பித்தான்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் வாசலில்தான் கட்டிக்கிடக்கும்.

முதல் சவாரி போய் வந்த அன்று மாட்டைக் கட்டக்கூடத் தெம்பில்லாமல் வாசலிலேயே குப்புறப் படுத்துவிட்டார். கோட்டையில் கொடுத்தது ஒரு மடித்த கோணி, அவ்வளவுதான். அதன்மேல் மூன்று நாள் உட்கார்ந்ததில் தொடை இடுக்கெல்லாம் உரிந்து, பின்பக்கம் முழுக்கக் கொப்புளம். நான் விளக்கெண்ணெய் தடவ, அவர் ஐயோ அம்மா என்று கத்த, பக்கத்து வீட்டுச் சிங்காரம் வேலிக்குமேல் தலையை நீட்டினான்.

“இன்னா பச்சைமுத்து, அலைக்கு அசராதவனுக்கு மாட்டு முதுகு குத்துதா?”

“நீ ஏறிப் பாருடா. முதுகெலும்பு கத்தியாட்டம் கீது. மூணு நாளு கத்தி மேல குந்திக்கினு வந்துகீறேன்.”

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து குப்பத்தில் ஆளாளுக்கு யோசனை. கோணிக்குள் வைக்கோலைத் திணித்து மெத்தையாக்கு என்றான் ஒருவன். திணித்தேன். பொன்னேரியில் இவர் தண்ணீர் குடிக்க இறங்கி, மெத்தையை அவிழ்த்துக் கீழே வைத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் கப்பித்தான் பாதியைத் தின்று முடித்துவிட்டதாம். இலவம்பஞ்சு வை என்றாள் ஒருத்தி. இரண்டு கூடை கருவாடு கொடுத்துப் பஞ்சு வாங்கி, உறை தைத்து அடைத்தேன். காட்டூர் தாண்டுவதற்குள் அப்பளமாக அமுங்கிப்போனது. மறுபடி கொப்புளம், மறுபடி விளக்கெண்ணெய், மறுபடி சிங்காரம் தலை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த வேலியையே பிடுங்கிப் போட்டிருப்பேன்.

அப்புறம்தான் எனக்கு ஒன்று தோன்றியது. வலை கட்டுகிற கையை வைத்துக்கொண்டு வைக்கோலுக்கும் பஞ்சுக்கும் ஏன் அலைகிறேன்? பரணில் அவருடைய பழைய வலை கிடந்தது. இனி அது கடலுக்குப் போகப்போவதில்லை. மரப்பட்டைச் சாயத்தில் வருஷா வருஷம் கொதித்து உரமேறின நூல். மடித்து மடித்து அடுக்கிக் கையால் அழுத்தினால் அமுங்கும், கையை எடுத்தால் மேலே எழும்பும். அதைவிட நல்ல மெத்தை ராசாவுக்கும் கிடைக்காது. மீன் கவிச்சி போகட்டும் என்று ஏழு தரம் அலசினேன். காயவைத்து அடுக்கி, எட்டு நாள் உட்கார்ந்து தைத்தேன். ஓரம் நகராமலிருக்க வலை முடிச்சு. மாட்டின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் கயிற்றுக்கும் அதே முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது.

சவாரி முடிந்து வந்தார். குப்புறப் படுக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து சோறு தின்றார்.

“எப்பிடிய்யா கீது?” என்றேன்.

“நல்லா கீதுமே.”

சந்தோஷத்தில் அன்று இரண்டு மத்தி கூடுதலாக வறுத்தேன்.

மெத்தையையும் சும்மா விடவில்லை. ஒவ்வொரு சவாரி முடிந்ததும் தூக்கிக்கொண்டுபோய் ஏரியில் நன்றாக அலசி, அடித்துத் துவைத்து, மணலில் காயவைப்பேன். வேர்வை நாற்றம் வரக்கூடாது பாருங்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

ஆனால் மூன்று நாள் நான்கு நாளானது. அடுத்த தரம் ஐந்து நாள். கொப்புளம் இல்லை, காய்ச்சல் இல்லை, வழியில் மழையும் இல்லை. கேட்டால் “நல்லா கீதுமே” என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. வந்ததும் வராததுமாக மாட்டின் முதுகில் கோணியைப் போர்த்திவிடுவார். பனி அடிக்கிறதாம். சித்திரை வெயிலில் என்ன பனி என்று கேட்டால், கிட்டே வராதே, மாடு உதைக்கும் என்பார். மாட்டுக்கு அவரே தண்ணீர் காட்டுவார், அவரே தேய்ப்பார். பெண்டாட்டியை விட மாடு பெரிதாகப் போய்விட்டது என்று கடுப்பில் நானும் விட்டுவிட்டேன்.

ஆவணி மாதம் ஒரு நாள் காலையில் சந்தியாகு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் துணி மூட்டை.

“பச்சைமுத்து, இதான் கடைசி. ஐப்பசி மழை புடிக்கறதுக்குள்ள கப்பல் கெளம்பணும். மாதிரி வந்து சேர்ந்தாத்தான் துணி நெய்யச் சொல்ல முடியும். பொன்னேரியில ஒருத்தன் மட்டக்குதிரை வெச்சிக்கினு எனக்கு வேலை குடு, வேலை குடுனு நிக்கறான். நாளைக்குக் கெளம்பி மூணாம் நாள் சாயந்தரம் மாதிரி கோட்டைக்கு வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

இவர் தலையை ஆட்டினார். அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன்.

“இப்பவாவது வாயத் தொறந்து சொல்லுய்யா. எங்க குத்துது? முன்னாலயா, பின்னாலயா?”

“எங்கியும் குத்தலமே.”

“குத்தலைன்னா ஏன்யா அஞ்சி நாளு? வழியெல்லாம் எறங்கி எறங்கிப் படுத்துக் கெடக்கறியா?”

“உன் மெத்தையில ஒரு கொறையும் இல்ல. உட்டுடு.”

விடுவேனா? இன்னும் அமுங்குகிறது, வெட்கத்தில் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். மீதியிருந்த வலையை மேலே ஒரு அடுக்கு வைத்துத் தைத்தேன். மறுநாள் விடியற்காலையில் அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடிக்க, தள்ளிவிட்டு, கோணிக்குமேல் மெத்தையைப் போட்டு, கயிற்றையும் நானே இழுத்து முடிந்தேன். கப்பித்தான் முதுகை நெளித்து ஒரு மாதிரி முனகியது. திமிர் என்று நினைத்து அதன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அந்த அடியை நினைத்தால் இன்றைக்கும் என் கை கூசுகிறது.

அவர் போனபிறகு நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டூருக்குக் கிளம்பினேன். அங்கே பவுனம்மாள் என்று வழக்கமாகக் கருவாடு வாங்குகிறவள். நிலம் நீச்சு, ஏர் மாடு எல்லாம் உள்ள குடும்பம். கருவாட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏன் தெரௌபதி, உம் புருசனுக்கு இன்னாடி வேண்டுதல்? ஆடி முடிஞ்சிகூட பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு நடக்கறாரு?”

“நடக்கறாரா? யாரு?”

“இன்னா ஒண்ணுந் தெரியாத மாரி கேக்கற? ஒவ்வொரு வாட்டியும் மாட்டப் புடிச்சிக்கினு இந்த நொண்டிக் காலோட இழுத்து இழுத்துதான் போறாரு. மாட்டு மேல குந்தி நான் பாத்து மூணு மாசமாச்சி. இப்பக்கூட கொளத்தாண்ட கீறாரு பாரு.”

கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

குளத்தங்கரையில் கப்பித்தான் நின்றிருந்தது. மெத்தை ஆவாரஞ்செடிமேல் கிடந்தது. இவர் மண்பானையில் தண்ணீர் மொண்டு மாட்டின் முதுகில் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசர அவசரமாகக் கோணியை இழுத்துப் போர்த்தினார். நான் அதைப் பிடுங்கி எறிந்தேன்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! முதுகெலும்பு நெடுகத் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. வயிற்றுக்கயிறு ஓடுகிற இரண்டு பக்கத்திலும் சதை தெரிந்தது. மொய்த்துக்கொண்டிருந்த ஈ எழும்பிப் பறந்தது. என் வலை முடிச்சு பதிந்த இடம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பொறுக்க முடியாமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

“ஏன்யா சொல்லல? பாவி மனுசா, ஏன்யா சொல்லல?”

“எனக்குத்தான் ஒண்ணும் நோவலியே. அதுக்குத்தான் நோவுது,” என்றார். “எட்டு நாளு கண்ணு நோவத் தைச்ச. நல்லா இல்லைன்னா உன் மனசு கஷ்டப்படும். அதுவுமில்லாம, நல்லா இல்லைன்னு சொன்னா நீ இன்னும் கொஞ்சம் தைப்ப.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான் எறங்கி நடந்தேன். கோட்டை மாடு. முதுகப் பாத்தாங்கன்னா வேலையும் போவும், தோலயும் உரிப்பாங்க. மூட்டைய மட்டும் மெத்தை மேல வெச்சிட்டு நடந்தா ஆறிடும்னு பாத்தேன். ஆற மாட்டேங்குது. தெனிக்கும் மெத்தைய எறக்கறேன், கழுவறேன், ஆறவே மாட்டேங்குது.”

பவுனம்மாள் செடிமேல் கிடந்த மெத்தையைத் தூக்கினாள். திருப்பினாள். அடியிலிருந்த நூலை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

“இன்னாடி இது உப்பா கரிக்குது! கழுவவே மாட்டியா?”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏழு தரம் அலசினேன். ஒவ்வொரு சவாரிக்கும் அலசறேன்.”

“எதுல?”

“ஏரியிலதான்.”

“ஏரியிலயா!” அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “உப்புத் தண்ணியில நனைச்சி நனைச்சி எடுத்து மாட்டு முதுகுல கட்டுனியா? வேர்வ பட்டா அது கத்தியாட்டம் அறுக்காதா? புண்ணுல உப்பப் போட்டுக் கயிற இறுக்கிக் கீறியேடி!”

 நான் எங்கே கண்டேன்? எங்கள் ஏரி கடலோடு கலந்த உப்பு ஏரி, குடிக்கிற தண்ணீரையே குடத்தில் தூரத்திலிருந்து சுமந்துவருகிற குப்பம் எங்களுடையது. எங்களுக்கு அலசுவதென்றால் ஏரியில் அலசுவது. வலையை, கூடையை, சட்டியை, பிள்ளைகளின் பின்பக்கத்தைக்கூட அதில்தான் கழுவினோம். கட்டுமரத்துக்குத் தோல் கிடையாது. அதன்மேல் எவ்வளவு உப்பு வலையை வேண்டுமானாலும் போடலாம், அது முனகாது. மேலே உட்காருகிறவனுக்குக் குத்துகிறதா, குத்துகிறதா என்று எட்டு மாதமாகக் கேட்டேன். கீழே இருக்கிறதை ஒரு நாள் தூக்கிப் பார்க்கவில்லை.

பவுனம்மாள் வீட்டிலிருந்து அரிவாளை எடுத்துவந்து மெத்தையை நடுவில் பிளந்தாள். என் எட்டு நாள் தையல் பிரிந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். “குளத்துல ஊறப்போடு. நல்ல தண்ணியில ரெண்டு நாளு ஊறணும். அப்புறம் ரெண்டு சுருட்டாச் சுருட்டி, முதுகெலும்புக்கு அந்தாண்ட ஒண்ணு இந்தாண்ட ஒண்ணு வெய்யி. எலும்பு மேல ஒண்ணும் படக்கூடாது. படலைன்னா மேல குந்தறவனுக்கும் குத்தாது,” என்றாள். “மாட்ட எங்க கொட்டாயில கட்டுங்க. வேப்பெண்ணெ போடறேன். நாலு நாளைக்கு ஈரத்துணிகூட அது மேல படக்கூடாது.”

நாலு நாளா? நான் அவரைப் பார்த்தேன். அவர் மூட்டையைப் பார்த்தார். மூன்றாம் நாள் சாயந்தரம். பொன்னேரிக்காரனின் மட்டக்குதிரை. மாதா மாதம் அளக்கிற நெல்.

“நான் நடந்து பாக்கறேன்,” என்று எழுந்தார். எழும்போதே கால் இழுத்தது. கீழே பார்த்தேன். விறைத்த காலின் உள்ளங்கால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, வெடித்து, காய்ந்த இரத்தத்தில் மண் ஒட்டியிருந்தது. எட்டு மாதமாக அவர் பின்பக்கத்தைப் பார்த்தவள் உள்ளங்காலைப் பார்க்கவில்லை.

“குந்துய்யா!” என்று கத்தினேன். “நீ நடந்து கிழிச்சதெல்லாம் போதும்.”

மூட்டையை எடுத்துத் தலைமேல் வைத்தேன். கருவாட்டுக் கூடையில் பாதிகூடக் கனமில்லை. குப்பத்தில் ஒரு பயலுக்கும் இது தோன்றவில்லை பாருங்கள், எனக்கே தோன்றவில்லை. பதினைந்து வருஷமாகத் தினம் பாரத்தோடு நடக்கிறவள் வீட்டிலேயே இருக்கும்போது, நாங்கள் மாட்டுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தோம்.

“கோட்டைத் துணிமே. பொம்பள கையில குடுத்தா...”

“கையில இல்ல, தலையில கீது. வழியச் சொல்லு.”

நடந்தேன். கோபத்தில் நடந்தால் தூரம் தெரியாது. அவர்மேல் கோபம், மட்டக்குதிரைக்காரன்மேல் கோபம், கப்பலின்மேல் கோபம், எல்லாவற்றையும்விட என்மேல். பொன்னேரியில் தெரிந்த வீட்டில் தலையைச் சாய்த்துவிட்டு, மறுநாள் உச்சிக்கு ஆரணி போய்ச் சேர்ந்தேன். நெசவுத் தெருப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பச்சைமுத்து எங்க?” என்றார். “மாட்டுக்கு ஒடம்பு சரியில்ல, கூட கீறாரு. நான் அவரு சம்சாரம். நீங்க நேரத்த ஓட்டாம மாதிரியக் குடுங்க,” என்றேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போதுதான் கால் வேலையைக் காட்டியது. கருவாட்டுக்குக் காட்டூர் போகிற தூரத்தைப்போல மூன்று மடங்கு. பொன்னேரியில் கொப்புளம், காட்டூரில் அது உடைந்தது. குளத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நின்றால் உட்கார்ந்துவிடுவேன் என்று பயம். மூன்றாம் நாள் வெயில் மஞ்சளாகிற நேரத்தில் கோட்டை வாசலில் நின்றேன்.

சந்தியாகு மூட்டையை வாங்கி மூக்கைச் சுளித்தார். “இன்னாம்மா, கருவாட்டு நாத்தம் அடிக்குது?”

“பழவேற்காட்டுல வேற இன்னா ஐயா அடிக்கும்?”

“உன் புருசன் எங்க?”

“மாட்டுக்குத் தண்ணி காட்டறாரு,” என்றேன். பொய்யில்லை. எங்கே காட்டுகிறார் என்று அவர் கேட்கவில்லை. மாதிரியைப் பிரித்துப் பார்த்தார், சரி என்றார், உள்ளே போய்விட்டார். வேலை தங்கியது. ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரவில்லை, அது வேறு விஷயம்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் அவர் மாட்டோடு வந்து சேர்ந்தார். கப்பித்தான் முதுகில் பொருக்குக் கட்டியிருந்தது. இரண்டு சுருட்டும் நடுவில் சந்துமாகப் புது மெத்தையை அவரே தைத்து, தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தையல் கோணல் மாணல். நான் அடுப்பங்கரையில் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளாகத் தவழ்ந்துதான் சமைத்தேன். நல்லவேளை, சிங்காரம் பார்க்கவில்லை.

“கால் எப்பிடிமே கீது?” என்றார்.

“நல்லா கீது,” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது அவருடைய வார்த்தை என்று எனக்கே கேட்டது.  அவர் கீழே உட்கார்ந்து, தோளிலிருந்த மெத்தையைத் தரையில் போட்டு, புடவைக்குள்ளிருந்த என் காலைப் பிடித்து அதன்மேல் எடுத்து வைத்தார். புண்ணில் நூல் பட்டது.

“நோவுதுய்யா!” என்று கத்தினேன். “மெதுவா வெய்யி!”